டிவிக்கா, கைக்கா

எப்சியின் கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கிற மூன்று ஓலைகளில் முதல் ஓலையை ஆலயத்தில் வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளுடைய புது சூட்கேஸைத் திறந்து அதற்குள்ளிருந்து ஒரு பொருளை அசரியா வெளியே எடுத்தான். திருடினான் என்று எப்சி சொன்னாள். இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன் என்று அவன் சொன்னான். அண்ணனுக்கு முப்பத்துமூன்று வயது, தங்கைக்கு இருபத்தொன்பது. இந்த வயதில் இவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு, மாடியில் குடியிருக்கும் ராஜகோபால் சார் என்னமோ ஏதோவென்று பாதிப் படி இறங்கி வந்தார். விஷயம் தெரிந்ததும் திரும்ப ஏறிப் போய்விட்டார்.

விஷயம் ஒரு வீடியோ கேம். பார்ப்பதற்குக் கொஞ்சம் அகலமான செல்போன் மாதிரி இருக்கும். இரண்டு ஓரத்திலும் பொத்தான்கள் வைத்த கைப்பிடிகள். கையில் பிடித்துக்கொண்டு எங்கே உட்கார்ந்தும் ஆடலாம். டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தாங்கி உண்டு, அதற்கு டாக் என்று பெயர். அதில் செருகிவிட்டால் படம் டிவிக்குப் போய்விடும். கைப்பிடிகளைக் கழற்றி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தபடி இரண்டு பேர் ஆடலாம். வீட்டில் வைத்து ஆடுகிற கன்சோலா, கையில் வைத்து ஆடுகிற ஹேண்ட்ஹெல்டா என்று அதைச் செய்தவர்களே திட்டமாகச் சொல்லாமல் விட்ட சாமான். வாங்கின நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் இதைப் பற்றி விளையாட்டாகச் சண்டை போட்டதுண்டு. இப்போது எப்சி கல்யாணமாகிப் படப்பைக்குப் போகிறாள் என்றதும் அந்தச் சண்டைக்கு அர்த்தம் வந்துவிட்டது.

"அது வீட்டு சாமான், எப்சி. போகும்போது ஃபிரிட்ஜையும் தூக்கிட்டுப் போவியா?" என்று அசரியா கேட்டான்.

"ஃபிரிட்ஜைத் தினம் டிரெயின்ல எடுத்துட்டுப் போனேனா நான்? இது கையில வச்சிருக்கறது. என் வாட்ச் மாதிரி. வாட்ச் என்கூடத்தான வரும்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எப்சிக்கு கிண்டியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. தாம்பரத்தில் புறப்படுகிற மின்சார ரயிலாகப் பார்த்து ஏறினால் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். பையிலிருந்து கேமை எடுத்து மடியில் வைத்தாளானால் மீனம்பாக்கம் போனதும் தெரியாது, பரங்கிமலை போனதும் தெரியாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அது டாக்கில்தான் இருக்க வேண்டும் என்பது அசரியாவின் சட்டம். அவன் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் எடுக்கிறவன். வாரம் முழுக்கக் கத்திவிட்டு வந்து, சனிக்கிழமை தங்கையோடு கார் பந்தயம் ஆடித் தோற்றால்தான் அவனுக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

அது யாருடையது என்பதற்கும் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. சில வருஷங்களுக்கு முன்னால், ஆலயத்தில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில் எடுத்தது. பலாப்பழம், வாழைத்தார், கால் கட்டின சேவல், பிளம் கேக் இவற்றுக்கு நடுவில், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் பெட்டி பிரிக்காத இந்த கேமைக் காணிக்கையாக வைத்திருந்தது. ஏலம் போட்ட பொன்னுசாமி அங்கிளுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஏதோ டிவி மாதிரி, போன் மாதிரி, நல்ல சாமான்' என்று அறிவித்தார். ஆண்கள் பக்கம் அசரியா உட்கார்ந்திருந்தான், பெண்கள் பக்கம் எப்சி. இருவருக்கும் நடுவில் ஒரு பெரிய தூண். அந்தப் பக்கம் யார் விலையை ஏற்றுகிறார்கள் என்று தெரியாமலே இருவரும் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டே போனார்கள். சபையே திரும்பிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பொன்னுசாமி அங்கிள் சுத்தியலைக் கீழே வைத்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இப்படி மோதிக்கொண்டால் கர்த்தருக்கே பொறுக்காது, சேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

அப்பா இப்போது இல்லை. அவர் போன பிறகு ரொம்ப நாள் அந்த கேமை யாரும் தொடவில்லை. ஒரு சாயங்காலம் எப்சி ஆபீஸிலிருந்து வந்தாள், கைகால் கழுவினாள், பையிலேயே கிடந்த அதை எடுத்து டாக்கில் செருகினாள். ஒரு கைப்பிடியைக் கழற்றி அசரியாவின் மடியில் வைத்தாள்.  அம்மா சரோஜினி சாப்பிடக் கூப்பிடும்வரை கார் ஓட்டினார்கள். வீட்டுக்குள் பழையபடி சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். இதை அசரியா யாரிடமும் சொன்னதில்லை. 'டிவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சாமான்' என்று அவன் வாதாடும்போதெல்லாம் அவனுக்குள் நின்றது அந்தச் சாயங்காலம்தான்.

வாதத்துக்கு ஆதாரம் தேடி ஸ்டாஃப் ரூமில், பொதுவாகக் கேட்கிற மாதிரி, இயற்பியல் எடுக்கும் யூனிஸ் டீச்சரைக் கேட்டுப் பார்த்தான். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு யோசித்தார். டாக் இல்லாமல் அந்த கேம் ஓடுமா என்று கேட்டார். ஓடும். கேம் இல்லாமல் டாக்கில் படம் வருமா? வராது. அப்படியானால் அது ஹேண்ட்ஹெல்ட்தான், சந்தேகமே இல்லை என்றார். அசரியா விடவில்லை. கையில் வைத்து ஆடினால் பேட்டரி தீரும்வரைதான், டாக்கில் வைத்தால் நாள் முழுக்க ஓடும், படமும் அங்கேதான் நன்றாக இருக்கும் என்றான். மீன் தரையிலும் கொஞ்ச நேரம் துள்ளும், அதற்காக அது தரையில் வாழ்கிற பிராணி ஆகிவிடுமா என்று கேட்டான். யூனிஸ் டீச்சர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். தங்கச்சிக்கு எப்போது கல்யாணம் என்று மட்டும் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, மாப்பிள்ளை ஜேசன் தைக்கக் கொடுத்த சூட்டைப் போட்டுப் பார்க்கத் தாம்பரத்துக்கு வந்தான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களைச் சோதித்துத் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. நிதானமான ஆள். தையல் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவனை எப்சி விடவில்லை. எதையும் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்வதுதானே உங்கள் வேலை, இதற்கும் சொல்லுங்கள் என்று அந்த கேமை அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

ஜேசன் அதைத் தட்டிப் பார்த்தான், எடை பார்த்தான், டாக்கில் செருகி எடுத்துப் பார்த்தான். "நான் யார் பக்கம் சொன்னாலும் அடி எனக்குத்தான் மச்சான்," என்று அசரியாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டான். அப்புறம், கொஞ்சம் யோசித்து, "ஒருத்தர் ஆடினா அது ஹேண்ட்ஹெல்ட். ரெண்டு பேர் சேர்ந்து ஆடினா வீட்டு கன்சோல். எனக்கு அப்படித்தான் தோணுது," என்றான்.

"அப்ப சரி. படப்பையிலயும் நாம ரெண்டு பேர்தான," என்றாள் எப்சி.

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஜேசன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அசரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காபி போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனான். வீட்டில் அவன் காபி போட்டு யாரும் பார்த்ததில்லை. அம்மா பின்னாலேயே வந்தார். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற மகனை நகர்த்திவிட்டு அடுப்பை அணைத்தார்.

"நீ அந்த சாமானை அனுப்ப மாட்டேங்கறியா, அவளை அனுப்ப மாட்டேங்கறியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சாமானைத்தான்," என்றான் அசரியா. அம்மா சர்க்கரை டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் வீட்டில் கல்யாண வேலை மும்முரமாகிவிட்டது. பத்திரிகை கொடுக்க ஒரு பக்கம், பாத்திரம் எடுக்க ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். சண்டை போட நேரமில்லை. பெரும்பாக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் பத்திரிகை வைக்க அண்ணனும் தங்கையும் ஸ்கூட்டரில் போனார்கள். போக வர வழியில் கேமைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அசரியா பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது கேம் டாக்கில் இருந்தது. கைப்பிடிகள் இரண்டையும் துடைத்து டிவிக்கு முன்னால் வைத்திருந்தாள் எப்சி.

"வச்சுக்கோ. நான் எடுத்துட்டுப் போகல," என்றாள். கோபமில்லை, வருத்தமும் தெரியவில்லை. "நீ சொன்னதுதான் சரி. இங்க இருக்கறதுதான் அதுக்கு நல்லது."

ஜெயித்துவிட்டான். ஜெயித்தவனுக்கு இருக்க வேண்டிய சந்தோஷம் மட்டும் வரவில்லை. அன்றைக்கு ஆடினார்கள். அவள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி அவனை முன்னால் போக விட்டாள். அது அவனுக்கு இன்னும் பொறுக்கவில்லை. ராத்திரி படுத்தவன் டிவிக்குப் பக்கத்தில் அந்த கேம் மட்டும் இருக்கிற வீட்டை நினைத்துப் பார்த்தான். சனிக்கிழமை சாயங்காலம், டாக்கில் கேம், சோபாவில் அவன் மட்டும். இரண்டாவது கைப்பிடியை யாரிடம் கொடுப்பது?

காலையில் எழுந்ததும் எப்சியிடம் போய், அது ஹேண்ட்ஹெல்ட்தான், யூனிஸ் டீச்சர்கூடச் சொன்னார், நீயே எடுத்துக்கொண்டு போ என்றான். எப்சி தலை சீவிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் மாதிரி என்று சொன்னது யார் என்று கேட்டாள். டாக் இல்லாமல் ஓடும்தான், ஆனால் அப்படி ஓடுவதை அவன்தான் கேவலமாகப் பேசினான் என்பதை நினைவுபடுத்தினாள். படம் டிவியில்தான் நன்றாக இருக்கிறது, பேட்டரி தீர்ந்துபோகிறது, மீன், தரை என்று அவன் வீட்டிலும் வந்து வாதாடியிருந்த எல்லாவற்றையும் அவளே எடுத்துச் சொன்னாள். அன்றிலிருந்து சண்டை தலைகீழாகிவிட்டது. அவன் ஹேண்ட்ஹெல்ட் என்று வாதாடினான், அவள் வீட்டு கன்சோல் என்று வாதாடினாள். சூட்கேஸுக்குள் அவன் வைப்பான், அவள் எடுத்து டாக்கில் செருகுவாள். ராஜகோபால் சார் இந்த முறை படியில் இறங்கி வரவே இல்லை.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அசரியாவுக்கு ஆயிரம் வேலை. அப்பா இல்லாததால் தங்கையைக் கைப்பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப் போக வேண்டியவனும் அவன்தான். மோதிரங்களும் ஆயரிடம் கொடுக்க வேண்டிய காகிதங்களும் இருந்த தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, கடைசி நிமிஷத்தில் டாக்கிலிருந்து கேமை உருவி அதையும் பைக்குள் போட்டுக்கொண்டான். கல்யாணம் முடிந்து கார் கிளம்பும்போது எப்சிக்குத் தெரியாமல் அவள் சாமான்களோடு சேர்த்துவிடுவது என்று திட்டம்.

ஆலயத்துக்கு வந்து சேர்ந்தால் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை. ஜெபம் தொடங்க வேண்டிய நேரம் வந்தது, கடந்தும் போனது. ஜேசனின் போன் கிடைக்கவில்லை. பாடகர் குழு இருந்த பாட்டையெல்லாம் பாடி முடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வருகிற வேன் டிரைவர் கோபுவின் எண்ணைத் தேடிப் பிடித்து அசரியா கூப்பிட்டான்.

"முடிச்சூர்ல தண்ணி முட்டி வரைக்கும் கீது சார்," என்றான் கோபு. பின்னால் ஒரே இரைச்சல். "வண்டி ஆஃப் ஆயிட்ச்சி. சைலன்சர் உள்ள தண்ணி பூந்துகிச்சி. நீ ஒண்ணும் பேஜார் ஆவாத சார், மாப்ளய எப்டியாவது அனுப்சி வுடறேன்."

ஆயர் உடை மாற்றும் சின்ன அறையில் எப்சியை உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைப் புடவை, தலையில் வலை, கையில் வலைக் கையுறை. கூட இருந்த சித்தி, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று போனவர் வெளியில் பேச்சில் மாட்டிக்கொண்டார். அசரியா உள்ளே போனபோது எப்சி தனியாக இருந்தாள். மடியில் பூச்செண்டு இருந்தது. அதன் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

வேன் நின்றுபோனதைச் சொன்னான். எப்படியும் வந்துவிடுவார்கள் என்றான்.

"வந்துருவார், அது தெரியும்," என்றாள் எப்சி. "அதுக்கு இல்லண்ணா. எனக்கு இங்கேருந்து போகத்தான் பயமா இருக்கு."

அசரியா எனக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்பார்கள், அவளுக்குப் போட்ட மை கலைந்திருக்கும். அவன் தோள்பையைத் திறந்து கேமை எடுத்தான். எப்சி அவனையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த அறையில் டிவி இல்லை. டாக் வீட்டில் இருந்தது. கையில் வைத்து ஆடினால் ஒருவர்தான் ஆட முடியும். கேமின் முதுகில் மெலிசாக ஒரு கால் உண்டு, அதை விரித்தால் மேஜைமேல் சாய்த்து நிறுத்தலாம். எங்கே உடைந்துவிடுமோ என்று இத்தனை வருஷத்தில் இருவரும் அதைத் தொட்டதே இல்லை. அசரியா நகத்தால் அதை நெம்பி விரித்தான். ஆயரின் மேஜைமேல் இருந்த பாட்டுப் புத்தகங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை நிறுத்தினான். அது நின்றது. இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி ஒன்றை அவளிடம் நீட்டினான். எப்சி கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள்.

இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். திரை சின்னது. தலையும் தலையும் முட்டுகிற அளவுக்குக் குனிந்தால்தான் தெரிந்தது. அவள் தலையிலிருந்த வலை அவன் கோட்டுப் பொத்தானில் சிக்கிக்கொண்டது, அப்படியே ஆடினார்கள். முதல் சுற்றில் அவன் காரை அவள் பள்ளத்தில் இடித்துத் தள்ளினாள். இரண்டாவது சுற்றில் பழையபடி திட்ட ஆரம்பித்துவிட்டாள். வெளியே பாடகர் குழு மூன்றாவது தடவையாக அதே பாட்டுக்கு வந்திருந்தது.

கதவைத் தட்டாமல் ஆயர் உள்ளே வந்தார். கல்யாணப் பெண் ஒரு கையில் பொத்தானை அமுக்கிக்கொண்டு, மணப்பெண் அலங்காரத்தோடு அண்ணனை முழங்கையால் இடிப்பதைப் பார்த்தார். இருவரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள், வலை சிக்கியிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. உட்காருங்கள் என்று கை காட்டினார்.

"இதுல எப்சி எது?"

"பச்சைக் கார், ஐயா."

ஆயர் அங்கியை ஒரு கையால் பிடித்தபடி, அந்தச் சுற்று முடியும்வரை நின்று பார்த்தார். பச்சைக் கார்தான் ஜெயித்தது. இப்போது எப்சி வேண்டுமென்று விட்டுக்கொடுக்கவும் இல்லை, மெதுவாக ஓட்டவும் இல்லை. அதன் பிறகுதான் ஆயர் வந்த விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை வந்துவிட்டாராம்.

வாசலுக்குப் போய்ப் பார்த்த அசரியாவுக்குத் தன் கண்ணை நம்ப முடியவில்லை. ஒரு டிராக்டர் ஆலய வளாகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. டிரெய்லரில் ஜேசன் நின்றிருந்தான். கோட்டு கசங்கவில்லை. பேண்ட் முழங்கால்வரை சுருட்டப்பட்டிருந்தது, ஷூ இரண்டும் கையில் இருந்தன. பக்கத்தில் அவன் அம்மா ஞானம்மாள் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகன் நனையாமல் குடை பிடித்தபடி நின்றார். பொன்னுசாமி அங்கிள் ஓடிப் போய் ஒரு நாற்காலியைப் படி மாதிரிப் போட்டார்.

அறைக்குத் திரும்பி வந்து, வலையைப் பொத்தானிலிருந்து கிழியாமல் எடுத்துவிட்டான் அசரியா. எப்சி கையுறையை மாட்டிக்கொண்டாள். கேமின் காலை மடித்து, கைப்பிடிகளைச் செருகி, அவளே அதை அவனிடம் கொடுத்தாள்.

"உன் பெட்டியில வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

"வை," என்றாள்.

அவன் கையைக் கோத்துக்கொண்டு அவள் நடந்தாள். பாதி தூரம் போனதும், பயத்தில் அவள் விரல் சில்லிட்டிருக்கவில்லை என்பதை அசரியா கவனித்தான். பலிபீடத்துக்கு முன்னால் அவள் கையை ஜேசனின் கையில் கொடுத்துவிட்டு, முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஜேசனின் ஒரு பேண்ட் கால் இன்னும் கணுக்காலுக்கு மேலேயே சுருண்டிருந்தது. ஆராதனை முடியும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்தால் சிரிப்பில் வந்த தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள அது நல்ல சாக்காக இருந்தது.

கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஸ்டாஃப் ரூமில் யூனிஸ் டீச்சர் அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். மேஜையில் நிறுத்தி ஆடின கதையை அசரியா சொன்னான். யூனிஸ் டீச்சர் கேட்டுவிட்டு, இப்படி ஒன்று இருப்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் தன் தீர்ப்பை மாற்றியிருப்பேன் என்றார். 

வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் டாக் வெறுமனே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒரு குற்ற உணர்ச்சி. படப்பையில் எப்சி வீட்டில் நல்ல பெரிய டிவி இருக்கிறது, டாக் இல்லாமல் அந்தச் சின்னத் திரையில் கண்ணை இடுக்கிக்கொண்டு எத்தனை நாள் ஆடுவாள் என்று நினைத்தான். டிசம்பர் முதல் சனிக்கிழமை, டாக்கையும் அதன் வயர்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பாவோடு படப்பைக்குப் பஸ் ஏறினான். முடிச்சூரில் தண்ணீர் வடிந்து, சாலை முழுக்கச் சேறு காய்ந்திருந்தது.

எப்சி வாசலுக்கே ஓடி வந்தாள். முகம் கொஞ்சம் பூசின மாதிரி இருந்தது. ஜேசன் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். ஞானம்மாள் அசரியாவை உட்காரக்கூட விடாமல் தட்டு வைத்துவிட்டார். சாப்பிட்டு எழுந்ததும் அசரியா நேராக டிவிக்குப் பின்னால் போய் வயர் செருகும் இடத்தைத் தேட ஆரம்பித்தான். எப்சி என்ன செய்கிறாய் என்று கேட்டாள். துணிப்பையைத் திறந்து காட்டினான். வாதத்தில் தான் தோற்றதை ஒப்புக்கொள்கிற மாதிரி, இனிமேல் இதுவும் இங்கேயே இருக்கட்டும் என்றான்.

எப்சி பையின் வாயைச் சுருட்டி மூடினாள்.

"இது அங்கதான் இருக்கணும்," என்றாள். "நான் வர்றப்போ எங்க கொண்டுபோய் செருகறது?"

அசரியா டிவிக்குப் பின்னாலிருந்து எழுந்து வர கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினான், இல்லாத தூசியையும் தட்டினான். எப்சி அதற்குள் கேமைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் கால் விரித்து நிறுத்தியிருந்தாள். ஒரு கைப்பிடியை அண்ணனிடம் கொடுத்தாள். இன்னொன்றை எடுக்கப் போனவளை ஞானம்மாள் தடுத்தார். வந்த நாளிலிருந்து மகனும் மருமகளும் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், அப்படி என்னதான் இருக்கிறது என்று தானும் பார்க்க வேண்டுமாம்.

ஞானம்மாளுக்கு அன்றைக்கு வரைக்கும் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கார் கிளம்பினதும் கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு, வளைவு வருகிற பக்கமெல்லாம் உடம்பையும் சாய்த்தார். கார் நேராகப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் போனது. எடுத்து விட்டதும் மறுபடி போனது. ஆற்றில் விழுந்தாலும் பரவாயில்லை, அந்தப் பாலத்தைத் தாண்டாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததில், அசரியாவுக்குத் தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எப்சி நாற்காலி முதுகில் தலை வைத்துச் சிரித்தாள். ஜேசன் அம்மாவுக்குப் பின்னால் நின்று, இடது பக்கம், இடது பக்கம் என்று கத்திக்கொண்டிருந்தான்.

பஸ்ஸை விட்டுவிட்டதால் ஜேசன் தன் பைக்கில் தாம்பரம்வரை கொண்டுவந்து விட்டான்.  இறக்கிவிட்டுத் திரும்பும்போது, எப்சி டிரெயினில் ஆடுவதை விட்டுவிட்டாள், இப்போதெல்லாம் ஆபீஸ் போகிற பஸ்ஸில் தூங்கிவிடுகிறாள் என்று சொன்னான். அதை ஒரு புகார் மாதிரிச் சொன்னான், குரலில் புகார் இல்லை.

அம்மா கதவைத் திறந்தார். அவன் கையில் இருந்த துணிப்பையைப் பார்த்ததும் முகம் வாடியது.

"வாங்கிக்கலையா?"

"வேணாம்னுட்டா."

அம்மா மின்விசிறியைப் போட்டார். அசரியா தரையில் உட்கார்ந்து, டாக்கை எடுத்து, வயர்களை ஒவ்வொன்றாக டிவியில் செருகினான்.

"கிறிஸ்மஸுக்கு முந்தின நாளே வர்றாளாம்," என்றான். "அவங்க மாமியாரையும் கூட்டிட்டு வர்றாளாம்மா. அவங்களுக்கு ஒரு பாலம் தாண்டணுமாம்."